சும்கயித்தில் கேட்கப்படாத கேள்வி



இந்த மண்டபத்தில் ஐம்பதைத் தாண்டியவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்குச் ‘சோவியத் நாடு’ இதழ் நினைவிருக்கும். வழவழப்பான தாள், பளிச்சென்ற வண்ணப் படங்கள். பள்ளி நோட்டுக்கு அட்டை போட அதைவிட நல்ல தாள் கிடையாது. பல தேசிய இனங்கள் ஒரே குடும்பமாக வாழும் நாடு என்று அந்த இதழ் நமக்குச் சொன்னது. அஸர்பைஜானியும் ஆர்மீனியரும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள், ஒரே மாடிக் குடியிருப்பில் வாழ்கிறார்கள் என்று சொன்னது. அது பொய்யில்லை. அப்படித்தான் வாழ்ந்தார்கள். அப்படி வாழ்ந்தவர்களின் வீட்டுக் கதவுகள்தான் 1988 பிப்ரவரி மாதக் கடைசியில் கோடரியால் உடைக்கப்பட்டன.

இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். சோவியத் ஒன்றியத்தின் கடைசி ஆண்டுகளில் அஸர்பைஜானில் வாழ்ந்த ஆர்மீனியச் சிறுபான்மையினருக்கு நேர்ந்ததைப் பற்றி. 1988 பிப்ரவரியில் சும்கயித். அதே ஆண்டு நவம்பரில் கிரோவாபாத். 1990 ஜனவரியில் தலைநகர் பாக்கு. 1979ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அஸர்பைஜான் குடியரசில் ஏறத்தாழ 4,75,000 ஆர்மீனியர்கள் இருந்தார்கள். அவர்களில் மலைநாடான கராபாக் பகுதியில் இருந்தவர்களைக் கழித்தாலும், சுமார் மூன்றரை லட்சம் பேர் மற்ற ஊர்களில் இருந்தார்கள். 1990 ஜனவரி முடிந்தபோது அந்த ஊர்களில் பெரும்பாலானவற்றில் ஆர்மீனியர் என்று சொல்லிக்கொண்டு தெருவில் நடக்க ஆள் இல்லை. இரண்டே ஆண்டுகள், நண்பர்களே! இரண்டே ஆண்டுகளில் எப்படி இது நடந்தது?

“அது காலங்காலமான பகை ஐயா, என்றைக்கு இருந்தாலும் வெடித்திருக்கும்” என்று சொல்பவர்கள் உண்டு. மாஸ்கோவில் இருந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. பகை இருந்தது, மறுக்கவில்லை. 1905இல் இரு இனத்தாரும் மோதிக்கொண்டார்கள். 1918 மார்ச்சில் பாக்குவில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அதே ஊரில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டார்கள். 1920இல் ஷூஷா நகரின் ஆர்மீனியப் பகுதி எரிந்தது. ஆனால் அதன் பிறகு இரண்டு மூன்று தலைமுறைகள் சேர்ந்து வாழ்ந்தன. பாக்கு நகரில் மட்டும் இரண்டு லட்சம் ஆர்மீனியர்கள். இரு வீட்டாருக்கும் பொது மொழி ரஷ்ய மொழி. கலப்பு மணங்கள் சர்வசாதாரணம். எண்ணெய்க் கிணறுகளை நம்பி வளர்ந்த அந்த ஊரில் “நீ என்ன இனம்?” என்று கேட்டால் “நான் பாக்குக்காரன்” என்றுதான் பதில் வரும். அந்த வாழ்க்கையைக் குலைத்தது 1905இன் நினைவு மட்டும்தானா? நடந்த வரிசையைப் பாருங்கள்.

கராபாக் மலைநாட்டில் ஆர்மீனியர்களே பெரும்பான்மை. ஆனால் 1921இல் சோவியத் தலைமை அதை அஸர்பைஜானுக்குள் வைக்க முடிவு செய்தது; 1923இல் தன்னாட்சிப் பகுதியாக்கியது. பள்ளிப் பாடம், வேலைவாய்ப்பு, சாலை வசதி எல்லாவற்றிலும் தாங்கள் புறக்கணிக்கப்படுவதாக அங்கே இருந்தவர்களுக்கு நெடுநாள் குறை. சோவியத் தலைமைக்குக் கோர்பச்சேவ் வந்தார், வாய் திறந்து பேசலாம் என்றார். பேசினார்கள். 1988 பிப்ரவரி 20 அன்று, கராபாக் மன்றம் தங்களை ஆர்மீனியக் குடியரசோடு சேர்க்கும்படி கேட்டுத் தீர்மானம் போட்டது. ஆர்மீனியத் தலைநகர் யெரெவானின் வீதிகளில் லட்சக்கணக்கில் மக்கள் திரண்டார்கள்.

மேலே உள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும்? இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். சும்கயித்தையும் பாக்குவையும் போல இரு இனத்தாரும் கலந்து வாழும் ஊர்களுக்குக் காவலைக் கூட்ட வேண்டும். இது எதுவும் நடக்கவில்லை. 22ஆம் தேதி கராபாக்கில் அஸ்கெரான் என்ற இடத்தில் நடந்த மோதலில் இரண்டு அஸர்பைஜானி இளைஞர்கள் இறந்தார்கள். 26ஆம் தேதி கோர்பச்சேவ் இரண்டு ஆர்மீனிய எழுத்தாளர்களை, கவிஞர் சில்வா கபுதிக்யானையும் ஜோரி பலாயனையும், அழைத்துப் பேசினார். ஒரு மாத அவகாசம் கொடுங்கள் என்று கேட்டார். யெரெவான் கூட்டம் கலைந்தது. ஆர்மீனியர்கள் வீதியை விட்டு வீட்டுக்குத் திரும்பிய அந்த நேரத்தில், 27ஆம் தேதி, சோவியத் ஒன்றியத்தின் துணைத் தலைமை வழக்கறிஞர் கதூசெவ் ஊடகத்தில் தோன்றி, அஸ்கெரானில் இறந்த இருவரின் பெயர்களை வாசித்தார். பெயரைக் கேட்டாலே இனம் தெரியும் நாடு அது. இறந்தவர்கள் நம்மவர்கள் என்று அஸர்பைஜான் முழுவதும் தெரிந்தது. அவர்களில் ஒருவரைச் சுட்டது யார் என்ற கேள்விக்கு அன்று பதில் இல்லை. பெயர்கள் மட்டும் காற்றில் போயின.

அன்று மாலையே சும்கயித்தில் தொடங்கிவிட்டது.

சும்கயித் எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பாக்குவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், காஸ்பியன் கடலோரம். 1949இல் நகரமானது. எஃகுக் குழாய் ஆலை, அலுமினிய ஆலை, ரசாயன ஆலைகள். சோவியத் ஒன்றியத்தின் மிக நச்சான காற்று உள்ள ஊர்களில் ஒன்று. பிஞ்சிலேயே இறந்த குழந்தைகளுக்கென்றே ஒரு கல்லறைத் தோட்டம் அங்கே உண்டு. தொழிலாளர் விடுதிகளில் ஒரே அறையில் அடைந்து கிடந்தவர்கள், வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் வரிசையில் நின்றவர்கள், சிறையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று வெந்துபோன ஜனங்கள் நிறைந்த ஊர். இரண்டு லட்சத்துக்கும் மேல் மக்கள்தொகை. அதில் ஆர்மீனியர் பதினைந்தாயிரத்தை ஒட்டி. இந்த வெந்துபோன வாழ்க்கையில் அவர்களுக்கும் அதே பங்குதான். அவர்களும் அதே ஆலையின் புகையைச் சுவாசித்தவர்கள்தான்.

லெனின் சதுக்கத்தில் கூட்டம் கூடியது. ஆர்மீனியாவின் காப்பான் பகுதியில் அஸர்பைஜானிகளை வெட்டுகிறார்கள் என்று சிலர் ஒலிபெருக்கியில் அழுதார்கள். காப்பானிலிருந்து குடும்பங்கள் அஞ்சி வெளியேறியது உண்மை. மேடையில் சொன்ன கொலைக் கதைகள் உண்மையில்லை. கேட்ட கூட்டத்துக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. 28ஆம் தேதி நகரக் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் முஸ்லிம்ஸாதே வந்தார். கையில் குடியரசுக் கொடி. ஊர்வலத்தின் முன்னால் நடந்தார். கூட்டத்தைக் கடற்கரைப் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். அவர் பின்னால் வந்த கூட்டத்தின் வால் பகுதி குடியிருப்புகளுக்குள் பிரிந்து போனது. ஊரின் முதல் மனிதர் கொடி பிடித்து முன்னே நடக்கிறார். பின்னால் வருபவன் அதை என்னவென்று புரிந்துகொள்வான்?

அடுத்து நடந்ததை நான் விரித்துச் சொல்லப் போவதில்லை. உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களை சாம்வெல் ஷாமுரத்யான் என்ற பத்திரிகையாளர் தொகுத்திருக்கிறார். மனம் உள்ளவர்கள் தேடிப் படியுங்கள். ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறேன். பேருந்துகளை மறித்தார்கள். கார்களை மறித்தார்கள். உள்ளே இருப்பவரிடம் ஹேசல் கொட்டையைக் குறிக்கும் ‘ஃபுந்துக்’ என்ற சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். ஆர்மீனியர்கள் அதைப் ‘புந்துக்’ என்று உச்சரிப்பார்களாம். ஓர் எழுத்து பிசகினால் உயிர் போகும். கையில் இருந்த ஆயுதங்களைப் பாருங்கள்: ஆலையில் வெட்டிக் கூராக்கிய இரும்புக் கம்பிகள். எந்த ஆலையில் ஆர்மீனியரும் அஸர்பைஜானியும் பக்கத்துப் பக்கத்து எந்திரத்தில் நின்றார்களோ, அந்த ஆலையின் கம்பி!

வீட்டுக்குள் இருந்தவர்கள் அலமாரியைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். தொலைபேசியைச் சுற்றினார்கள். பல வீடுகளில் இணைப்பே இல்லை. இணைப்புக் கிடைத்த இடத்தில் போலீஸ் வரவில்லை. வீடு வீடாகப் புகுந்தார்கள். அடித்தார்கள், கொன்றார்கள், பெண்களைச் சீரழித்தார்கள், முற்றத்தில் நெருப்பு மூட்டினார்கள்.

அதே மாடிப்படியில், அதே இரவில், இன்னொன்றும் நடந்தது. அஸர்பைஜானி அண்டை வீட்டார் ஆர்மீனியக் குடும்பங்களைத் தங்கள் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள். கட்டிலுக்கு அடியிலும் பால்கனியிலும் ஒளித்தார்கள். கம்பியோடு வந்து நின்றவனிடம், அவர்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள் என்று கதவில் நின்று சொன்னார்கள். கண்டுபிடித்தால் தங்களுக்கும் அதே கதிதான் என்று தெரிந்து செய்தார்கள். பிழைத்தவர்களின் வாக்குமூலங்களில் இப்படிப்பட்ட அண்டை வீட்டார் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஓர் இனம் முழுவதும் கொலை செய்தது என்று யாராவது சொன்னால், அந்தக் கதவுகளில் நின்றவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அரசு எங்கே இருந்தது? 27ஆம் தேதி மாலை தொடங்கியது. முதல் படையினர் 28ஆம் தேதி மாலைதான் வந்தார்கள். சுடுவதற்கு உத்தரவு இல்லாமல் வந்தார்கள். அவர்களையே கூட்டம் கல்லாலும் கம்பியாலும் அடித்தது. இருநூறுக்கும் மேற்பட்ட படையினர் காயமடைந்தார்கள். 29ஆம் தேதி ஊரடங்கு அறிவித்த பிறகே அடங்கியது. அதற்குள் ஆயிரக்கணக்கான ஆர்மீனியர்கள் லெனின் சதுக்கத்தை ஒட்டிய கலாச்சார மாளிகையில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். எங்கே நின்று அவர்களைக் கொல்லச் சொன்னார்களோ, அந்தச் சதுக்கத்தின் ஓரத்திலேயே படையின் காவலில் கிடந்தார்கள். அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 32 பேர்: 26 ஆர்மீனியர், 6 அஸர்பைஜானிகள். உண்மையான எண்ணிக்கை இதைவிட மிக அதிகம் என்பது ஆர்மீனியத் தரப்பின் உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஏன் போகவில்லை என்பதற்குக் காரணம், அடுத்து நான் சொல்லப்போவது.

இந்த உரையில் எனக்கு முக்கியமான இடம் இதுதான். வழக்கு நடந்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஒருவருக்கு மரண தண்டனை. அப்படியானால் நீதி கிடைத்ததே என்று நீங்கள் கேட்கலாம். எப்படி நடந்தது வழக்கு? மூன்று நாள் ஊர் முழுக்க நடந்த ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். இந்த வீட்டுக் கொலை ஒரு வழக்கு. அந்தத் தெருக் கொலை ஒரு வழக்கு. ஒன்று மாஸ்கோவில் சோவியத் உச்ச நீதிமன்றத்தில், ஒன்று சும்கயித்தில், ஒன்று வேறொரு ரஷ்ய நகரத்தில். குற்றப்பத்திரிகையில் காரணம் என்ன? போக்கிரித்தனம். போக்கிரிகள் சிலர் ஒழுங்கைக் குலைத்தார்கள், அவ்வளவுதான். ஆர்மீனியர் என்பதற்காகவே அவர்கள் கொல்லப்பட்டார்கள் என்பது எங்கும் எழுதப்படவில்லை. யார் கூட்டினார்கள்? முகவரிகள் எப்படித் தெரிந்தன? கம்பிகளை யார் வெட்டினார்கள்? காவல்துறை ஏன் வரவில்லை? இந்தக் கேள்விகளை ஒரு நீதிமன்றமும் முழுதாகக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டால் பதில் கட்சி அலுவலகத்தின் வாசலில் போய் நிற்கும். தேசிய இனப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எழுபது ஆண்டுகள் சொல்லிய ஓர் அரசு, அது தீரவில்லை என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டிவரும். அதனால் மூடினார்கள்.

மூடியது என்ன ஆயிற்று? மூடிய புண் புரையோடியது. கேட்காத கேள்விக்கு ஊர் ஊராக ஆளாளுக்கு ஒரு பதில் முளைத்தது. மாஸ்கோவின் உளவுத்துறைதான் செய்தது என்றார்கள். இல்லை, ஆர்மீனியர்களே தங்களைக் கொன்றுகொண்டார்கள் என்றார்கள். தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர் ஆர்மீனிய வம்சாவளியினர். அந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு, ஸியா புனியாதவ் என்ற பெரிய வரலாற்றறிஞரே 1989இல் இதை ஆர்மீனியச் சதி என்று எழுதினார். இன்றுவரை பாக்குவில் அதுதான் அரசின் வாய்மொழி. 1988 நவம்பரில் பாக்குவின் பெருந்திரள் கூட்டங்களில் சும்கயித் குற்றவாளிகளை வீரர்கள் என்று போற்றும் பதாகைகள் தென்பட்டதை அன்றைய செய்தியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கொலைகாரனை வீரனாக்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? அவன் செய்தது இன்ன குற்றம் என்று எந்த நீதிபதியும் அவன் முகத்துக்கு நேரே சொல்லவில்லையே!

அதே நவம்பரில் கிரோவாபாத் பற்றிக்கொண்டது. நாற்பதாயிரம் ஆர்மீனியர்கள் வாழ்ந்த ஊர். படையின் பாதுகாப்பில் அவர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. இங்கே நான் ஒன்றை மறைக்கக் கூடாது. அதே நாட்களில் ஆர்மீனியாவில் இருந்த அஸர்பைஜானிகளும் விரட்டப்பட்டார்கள். ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். குகார்க் வட்டாரத்தில் அவர்கள் கொல்லவும்பட்டார்கள். குளிர்காலத்தில் மலைப்பாதையில் நடந்தே வந்தவர்கள் உண்டு. ஒருவரின் துயரத்தைச் சொல்லும்போது மற்றவரின் துயரத்தை விழுங்கிவிட்டால் அது நியாயமான பேச்சு ஆகாது. டிசம்பர் 7 அன்று ஆர்மீனியாவில் நிலநடுக்கம் வந்தது. சுமார் 25,000 பேர் இறந்தார்கள். அஸர்பைஜானிலிருந்து உயிர் தப்பி அங்கே வந்து சேர்ந்திருந்த அகதிகளும் அதில் இருந்தார்கள்.

இந்த இருட்டுக்குள் இரண்டு கிராமங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆர்மீனியாவில் கிசில்-ஷஃபாக், அஸர்பைஜானிகளின் கிராமம். அஸர்பைஜானில் கெர்கெஞ்ச், ஆர்மீனியர்களின் கிராமம். 1989இல் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பேசினார்கள். நம்மால் இங்கே இனி இருக்க முடியாது. உங்களாலும் அங்கே இருக்க முடியாது. ஊரையே மாற்றிக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். வந்து பார்த்தார்கள். உன் வீடு எனக்கு, என் வீடு உனக்கு என்று குடும்பம் குடும்பமாகப் பொருத்தினார்கள். இதற்கு எந்த அரசும் ஆணையிடவில்லை. ஒரு நிபந்தனையும் வைத்துக்கொண்டார்கள்: உங்கள் கல்லறைகளை நாங்கள் காப்போம், எங்கள் கல்லறைகளை நீங்கள் காக்க வேண்டும். பிறகு போர்கள் வந்தன, எல்லை மூடப்பட்டது, ஒருவரை ஒருவர் பார்க்க வழியில்லாமல் போயிற்று. ஆனாலும் பல ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது அந்தக் கல்லறைகள் இரு ஊரிலும் இடிக்கப்படாமல் நின்றன. வல்லரசின் தலைமையால் செய்ய முடியாததைச் சாதாரணக் குடியானவர்கள் பேசிச் செய்தார்கள். பேசினால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பாக்குவுக்கு வருகிறேன். 1990 ஜனவரி. இரண்டு லட்சமாக இருந்த ஆர்மீனியர்களில் முப்பது நாற்பதாயிரம் பேர்தான் மிச்சம். போக இடமில்லாத முதியவர்கள், கலப்பு மணம் செய்தவர்கள், “என்னை யார் என்ன செய்யப்போகிறார்கள்” என்று நம்பிய பாக்குக்காரர்கள். ஆர்மீனியாவிலிருந்து விரட்டப்பட்டு வந்த அஸர்பைஜானி அகதிகள் வீடில்லாமல், வேலையில்லாமல் குளிரில் திரிந்தார்கள். ஒரு பக்கம் வீடிழந்த ஆத்திரம். இன்னொரு பக்கம் ஆர்மீனியக் கிழவி ஒருத்தி தனியாக இருக்கும் இரண்டறை வீடு. இதைத் தீர்த்துவைக்க வேண்டிய அரசு வேடிக்கை பார்த்தது. ஜனவரி 13 அன்று பாக்குவின் லெனின் சதுக்கத்தில், அஸர்பைஜானி தேசிய இயக்கமான மக்கள் முன்னணியின் பெருங்கூட்டம். அங்கிருந்து பிரிந்தவர்கள் வீடுகளுக்குள் புகுந்தார்கள். ஒரு வாரம் நீடித்தது. சுமார் 90 ஆர்மீனியர்கள் இறந்தார்கள். நகரத்தில் உள்துறைப் படையினர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தடுக்கவில்லை. பிழைத்தவர்களைப் படகில் ஏற்றிக் காஸ்பியன் கடலுக்கு அக்கரையில் துர்க்மேனியாவின் கிராஸ்னவோத்ஸ்க் துறைமுகத்தில் இறக்கினார்கள். உடுத்திய துணியோடு, உடைந்த கையோடு இறங்கினார்கள்.

சதுரங்கம் ஆடும் மாணவர்கள் இங்கே இருப்பீர்கள். உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கேரி காஸ்பரோவ் பாக்குவில் பிறந்தவர். தாய் ஆர்மீனியர், தந்தை யூதர். அப்போது அவர் உலக சாம்பியன். தனி விமானம் அமர்த்தித் தன் குடும்பத்தாரையும் நண்பர்களையும் மீட்டார். உலக சாம்பியனுக்கே பிறந்த ஊரிலிருந்து தப்பி ஓட விமானம் வேண்டியிருந்தது! மற்றவர்கள் நிலை என்ன?

ஆர்மீனியர்கள் போன பிறகு படை வந்தது. ஜனவரி 19 நள்ளிரவு டாங்கிகள் பாக்குவுக்குள் நுழைந்தன. நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் அஸர்பைஜானிக் குடிமக்கள், சுட்டும் நசுக்கியும் கொல்லப்பட்டார்கள். ஆர்மீனியர்கள் கொல்லப்பட்ட ஒரு வாரமும் அசையாத படை, கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்சி கவிழப்போகிறது என்றதும் வந்தது. நாற்காலியைக் காக்க வந்த படை அது. இரண்டு மக்களும் அந்த ஆட்சியால் கைவிடப்பட்டவர்கள் என்பதற்கு அந்த ஒரு வாரம் போதும்.

அதற்கடுத்தது உங்களுக்குத் தெரியும்: கராபாக்குக்காகப் போர். 1992 பிப்ரவரியில் கராபாக்கின் கோஜாலியிலிருந்து தப்பி ஓடிய அஸர்பைஜானிக் குடிமக்கள் நூற்றுக்கணக்கில் ஆர்மீனியப் படைகளால் கொல்லப்பட்டார்கள். அந்தப் படையில் பாக்குவிலிருந்தும் சும்கயித்திலிருந்தும் தப்பி வந்தவர்கள் இருந்தார்கள் என்று, பிறகு ஆர்மீனியாவின் அதிபரான செர்ஷ் சர்க்சியானே சொல்லியிருக்கிறார். 1988இல் நீதிமன்றம் கேட்கத் தவறியதை நான்கு ஆண்டு கழித்துத் துப்பாக்கி கேட்டது. செய்தவனிடம் கேட்கவில்லை, யாரோ ஒரு தாயிடம், யாரோ ஒரு குழந்தையிடம் கேட்டது. 2023 செப்டம்பரில், அஸர்பைஜான் படை நுழைந்ததும் சில நாட்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் கராபாக்கை விட்டுப் போனார்கள். “ஏன் ஓடினார்கள், யாரும் விரட்டவில்லையே” என்று கேட்டவர்கள் உண்டு. சும்கயித்தில் என்ன நடந்தது என்று இன்றும் ஒப்புக்கொள்ளாத ஓர் அரசின் கீழ், எந்தத் தாய் பிள்ளையை வைத்துக்கொண்டு இருப்பாள்?

கேட்கப்படாத கேள்வியைக் கேட்ட ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அக்ரம் அய்லிஸ்லி. அஸர்பைஜானி. ‘மக்கள் எழுத்தாளர்’ என்று அரசே பட்டம் கொடுத்துப் போற்றியவர். 2012 இறுதியில் மாஸ்கோ இதழ் ஒன்றில் ‘கல் கனவுகள்’ என்ற குறுநாவலை வெளியிட்டார். பாக்குவில் ஓர் ஆர்மீனிய முதியவரைக் காக்கப் போய், கும்பலிடம் அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கும் ஓர் அஸர்பைஜானி நடிகரின் கதை. அவர் நினைவுகளின் வழியே, நாவலாசிரியரின் சொந்த ஊரில் 1919இல் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டதும் வருகிறது. 2013 பிப்ரவரியில் அதிபரின் ஆணையால் அவர் பட்டமும் ஓய்வூதியமும் பறிபோயின. அவர் புத்தகங்களைத் தெருவில் போட்டு எரித்தார்கள். மனைவியும் மகனும் வேலை இழந்தார்கள். அவர் காதை அறுத்து வருபவருக்குப் பரிசு தருவதாக ஓர் அரசியல் கட்சித் தலைவர் அறிவித்தார். உலகம் கண்டித்த பிறகே அது திரும்பப் பெறப்பட்டது. ஆர்மீனியர் செய்ததை ஏன் எழுதவில்லை என்று அய்லிஸ்லியிடம் கேட்டார்கள். அதை ஆர்மீனிய எழுத்தாளர்கள் எழுதட்டும் என்பது அவர் பதில். அவருக்கு அப்போது 75 வயது. குறுநாவலில் இருந்து ஒரு வரியையும் அவர் திரும்பப் பெறவில்லை.